சொல்லக் கூடாத வைத்தியம்

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற பஸ், ஆலப்பாக்கம் தாண்டி கெமிக்கல் கம்பெனிகள் இருக்கிற பக்கம் வந்ததும் பெண்கள் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார்கள். ஆண்கள் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடுவார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுப் பெண் மட்டும் சீட்டின் மேல் முட்டி போட்டு ஏறி வெளியே எட்டிப் பார்ப்பாள்.

“அத்த, எங்க வூட்டு வாசன வருது பாரு.”

அவள் வீடு குடிகாட்டில் இருந்தது. பஸ் அந்த நிறுத்தத்தில் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பும். நாங்கள் இறங்கக் கூடாது. அது உத்தரவு. அவளுடைய அம்மா பேரில் வழக்கு. பிள்ளைக்குச் சூடு வைத்தாள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு ஒரு வழிக்கு வரும்வரை பிள்ளை என் வீட்டில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

நான் வக்கீலும் இல்லை, படித்தவளும் இல்லை. சிதம்பரத்தில் கீழ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஜாக்கெட் தைக்கிறவள். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். மகன் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டான். என்னிடம் ஜாக்கெட் தைக்க வரும் ஒரு சமூகப் பணியாளர் ஒருநாள், “அக்கா, ரெண்டு ரூம் வச்சிருக்கீங்க, வாயும் ஜாஸ்தியா வச்சிருக்கீங்க. கொஞ்ச நாளைக்கி ஒரு புள்ளைய வச்சிக்கறீங்களா?” என்று கேட்டாள். அப்படி ஆரம்பித்தது. வீட்டைப் பார்க்க வந்தார்கள், அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள், போலீஸ் ஸ்டேஷனில் கேட்டார்கள். “கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பகூட உங்க வூட்ல என்னைய இவ்ளோ விசாரிக்கல” என்றார் என் வீட்டுக்காரர்.

இந்த மாதிரி வழக்கு இரண்டு இடத்தில் நடக்கும் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பிள்ளை எங்கே இருக்க வேண்டும், யாரிடம் இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்வது கடலூரில் குழந்தைகள் நலக் குழு. அங்கே கறுப்புக் கோட்டு கிடையாது, கூண்டு கிடையாது. நீளமான ஒரு மேஜை, நாலைந்து நாற்காலிகள், சுவரில் யாரோ வரைந்த யானை. தப்பு செய்தவரை விசாரிப்பது மாஜிஸ்திரேட் கோர்ட். அங்கே யானை இல்லை. கோர்ட் வாசலில் மசாலாக் கடலை விற்கிற அம்மா ஒருமுறை என்னிடம் சொன்னாள்: “இங்க வரவங்க யாரும் பசிக்கிதுன்னு கடல வாங்க மாட்டாங்க. கைக்கி ஒரு வேல வேணும்னுதான் வாங்குவாங்க.” அன்றிலிருந்து அந்த வாசலில் யார் கையையும் பார்க்காமல் என்னால் தாண்ட முடிவதில்லை.

அந்தப் பிள்ளையின் இரண்டு கணுக்காலிலும், வயிற்றில் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலேயும், நெற்றியில் முடி ஆரம்பிக்கிற இடத்திலும் வட்டமாக சின்னச் சின்னத் தழும்புகள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் செருப்பைக் கழற்றும்போது டீச்சர் கால் தழும்பைப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டார். அப்பா கேரளாவில் கட்டட வேலை. அம்மா கம்பெனி ஒன்றில் ஒப்பந்தக் கூலி, பெருக்கிக் கழுவுகிற வேலை. போலீஸ் கேட்டபோது அவள் மறைக்கவே இல்லையாம். “அடம் புடிச்சா. நாந்தான் சூடு வச்சேன்” என்று சொல்லிவிட்டாள். குழுவின் முன்னாலும் அதையேதான் சொன்னாள். ஜாமீனில் வெளியே வந்த பிறகும் அதேதான்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவரிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. நான் இந்த நடைகளில் கற்றுக்கொண்ட பாடம் அது. மறுத்திருந்தால் எப்படி, எப்போது, எதனால் என்று துருவித் துருவிக் கேட்டிருப்பார்கள். ஆமாம் என்று அவள் சொன்னதும் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும் மனசுக்குள் எழுதிக்கொண்டேன்.

குழு கூடுகிற நாட்களில் அவள் பிள்ளையைப் பார்க்க அனுமதி உண்டு. வேலையிலிருந்து நேரே வருவாள். வரும்போதே முகத்தைக் கழுவிக்கொண்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டு வருவாள். பிள்ளை ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொள்ளும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. சூடு வைத்த கைதானே என்று தோன்றும். ஒருநாள் அவள் என்னைப் பார்த்து, “ஒழுங்கா சாப்புடறாளாக்கா?” என்று கேட்டாள். “சாப்புடறா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். தெருவில் போகிற நாயிடம்கூட நாலு வார்த்தை பேசுகிறவள் நான்.

எனக்குள் உறுத்திய ஒன்று இருந்தது. பிள்ளைக்கு அடுப்பைக் கண்டு பயம் இல்லை. நான் தோசை வார்க்கும்போது கல்லுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்பாள். வீட்டோடு சேர்ந்த என் தையல் கடையில் வேலை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கொக்கி தனி, பட்டன் தனி என்று பிரித்து டப்பாவில் போடுவாள். வாடிக்கைக்கு வருகிற பெண்களிடம், “அத்த இன்னம் கை வைக்கவே இல்ல, நாளைக்கி வாங்க” என்று உண்மையைப் போட்டு உடைத்துவிடுவாள். நான் என்ன பொய் சொல்லி வைத்திருந்தாலும் அங்கே காலி. இப்படி எல்லாவற்றையும் பேசுகிற பிள்ளை, இது என்ன தழும்பு என்று கேட்டால் மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வாள்.

“சொல்லக் கூடாது.”

“யாரு சொன்னா, சொல்லக் கூடாதுன்னு?”

“அம்மா.”

மிரட்டி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பிள்ளையிடம் பேசுவதற்கென்று இருந்த ஆலோசகரும் அப்படித்தான் நினைத்தார். பயத்தில் பேச மறுக்கிறது என்று குழுவிடம் சொன்னார். அம்மாவோடு அனுப்புவது இப்போதைக்குச் சரிவராது, அடுத்த அமர்வில் இல்லத்துக்கு அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம் என்று பேச்சு வந்தது. இல்லம் என்றால் விடுதி. வருஷக்கணக்கில் ஆகும். அதைக் கேட்டபோது அந்த அம்மா யானைப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழவும் இல்லை. நெஞ்சழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பிறகு ஒரு மதியம். நான் மெஷினில் இருந்தேன். பட்டன் டப்பா கவிழ்ந்து உருள்கிற சத்தம் கேட்டது. என்ன கொட்டிவிட்டாயா என்று திட்ட வாயைத் திறந்துகொண்டே திரும்பினால், பிள்ளை கீழே கிடக்கிறாள். கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. கண் மேலே செருகியிருக்கிறது. வாயோரம் நுரை. எதிர்க்கடைக்காரர் ஓடிவந்து இரும்புச் சாவியை அவள் கையில் திணித்தார். நான் அவளைப் பக்கவாட்டில் திருப்பினேன் என்று பின்னால் என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை. அவர் ஆட்டோ பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்றதுதான் ஞாபகம் இருக்கிறது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். “இதுக்கு முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்கா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “மாத்திரை ஏதாவது சாப்பிட்டுக்கிட்டு இருந்தாளா?” அதுவும் தெரியாது. ஒரு பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருக்கிறவள் சொல்லக்கூடாத பதில் இரண்டையும் அடுத்தடுத்து சொன்னேன். வழக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் கணுக்காலைப் பார்த்தார், சட்டையை விலக்கி வயிற்றைப் பார்த்தார், முடியை ஒதுக்கி நெற்றியைப் பார்த்தார்.

“கோபத்துல சூடு வைக்கிறவங்க இப்படி ரெண்டு காலுக்கும் அளவு பாத்து வைக்க மாட்டாங்கம்மா” என்றார். “இது யாரோ நிதானமா வச்சது. வலிப்புக்குன்னு மஞ்சளைக் கொளுத்தி வைப்பாங்க. நான் இங்க நிறைய பாத்திருக்கேன்.”

கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை கண் விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று பார்த்தாள். என்னைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது.

“நான் சொல்லலத்த. நான் யாருகிட்டயும் சொல்லவே இல்ல.”

அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு மொத்தமும் விளங்கியது. பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கிறது. அம்மா யாரிடமோ கூட்டிப்போய்ச் சூடு வைக்கச் செய்திருக்கிறாள். இந்த மாதிரி வைத்தியத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேள்விப்பட்டதுதான். வைத்தவர் பேரையும், வைத்ததையும் வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் பலிக்காது, நோவு திரும்பி வந்துவிடும். அடம் பிடித்ததற்குச் சூடு வைத்தேன் என்று அவள் போலீசில் சொன்னாளே, அது ஒப்புதல் இல்லை. வைத்தியத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டதும் பயத்தால் இல்லை. அந்த ஆறு வயசு வாய் தன் நோவைத் தானே காவல் காத்திருக்கிறது.

சமூகப் பணியாளருக்குப் போன் செய்தேன். குழு அவசரமாகக் கூடியது. பிள்ளை ஆஸ்பத்திரியில் என் நாத்தனாரோடு இருந்தாள், நான் மட்டும் கடலூர் போனேன். அந்த அம்மா வராந்தாவில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், “எங்கக்கா அவள?” என்றாள். நான் முதன்முறையாக அவள் கையைப் பிடித்தேன்.

“அவளுக்கு இழுப்பு வந்துடுச்சும்மா. என் வூட்ல. இப்ப நல்லா இருக்கா. ஆஸ்பத்திரில பாத்துக்கிறாங்க.”

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னம் ஒரு அமாவாசதான்க்கா இருந்துச்சு. மூணு அமாவாச தாண்டிட்டா யாருகிட்ட வேணா சொல்லலாம்னாங்க. ரெண்டு தாண்டிட்டேன்.” பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: “எங்கயாச்சும் நான் வாய வுட்டுட்டனாக்கா? தூக்கத்துல பொலம்பியிருப்பனா?”

சூடு வைத்த ஆள் சொன்னது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தன்னிடம் எங்கே ஓட்டை என்றுதான் தேடுகிறாள்.

“நீ வாயே வுடல. அதாம்மா வெனையாப் போச்சு” என்றேன்.

உள்ளே போய் அவளே சொன்னாள். முதல்முறை இழுப்பு வந்தபோது ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். மாத்திரை கொடுத்தார்கள். கொடுத்தும் இன்னொரு தடவை வந்தது. கூட வேலை பார்க்கிற ஒருத்தி, மங்கலம்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் ஒரு ஆள் இருக்கிறார், ஒரே சூடு, அப்புறம் ஜென்மத்துக்கும் வராது என்றிருக்கிறாள். அந்த ஆள் இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார். வெளியே சொல்லக் கூடாது. மாத்திரையை நிறுத்திவிட வேண்டும், இங்கிலீஷ் மருந்தும் இதுவும் ஒத்துக்காது. இத்தனையும் சொன்னவள் அந்த ஆளின் பேரை மட்டும் சொல்லவில்லை. அங்கே வந்ததும் வாய் நின்றுவிட்டது.

குழுவின் தலைவர் ஒரு வயதான அம்மா. பேனாவை மூடி வைத்தார்.

“ஏம்மா, புள்ளைய சித்ரவதை பண்ணவளுன்னு பேரெடுத்து உள்ள போனாலும் பரவால்லன்னா இருந்த?”

“எனக்கு எந்தப் பேரு வந்தா என்னா மேடம். அதுக்கு இழுப்பு வராம இருந்தா போதும்னு இருந்தேன்.”

இதோடு முடிந்தது, இனி பிள்ளையை அம்மா கையில் கொடுத்துவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். என் மாதிரி ஆளுக்கு அப்படித்தான் தோன்றும். கதையில் கெட்டவள் நல்லவளாகிவிட்டாள், எழுந்து போகலாம் என்று. தலைவர் அம்மா அப்படிப் போகவில்லை.

“நீ புள்ள மேல எவ்ளோ உசுரா இருக்கன்னு எனக்குப் புரியுது” என்றார். “ஆனா மூணு விஷயம் அப்படியே நிக்கிது. நெருப்ப வைக்க வுட்ட. மாத்திரைய நிறுத்தின. அதுக்கு வலிப்பு இருக்குன்ற விஷயத்தையே எங்ககிட்டேருந்து மறச்ச. இந்த அக்கா பக்கத்துல இல்லாம, அது தனியா கெணத்து மேட்டுலயோ ரோட்டுலயோ வுழுந்திருந்தா?”

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தலைவர் அம்மா விடவில்லை. “எங்க மேலயும் தப்பு இருக்கு. நாங்களும் கேக்கல” என்று மற்ற உறுப்பினர்களையும் ஆலோசகரையும் பார்த்துச் சொன்னார். அதைச் சொன்ன குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் சொன்னார்.

பாசம் இருக்கிறதா இல்லையா என்று அளக்க அந்த மேஜையில் படி எதுவும் இல்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது. இருக்கவும் கூடாது போல. பாசத்தை அளந்து தீர்ப்புச் சொன்னால் அந்த அம்மாவை எல்லோரும் கும்பிட்டு அனுப்பியிருப்போம், அவள் வீட்டுக்குப் போய் மறுபடி மாத்திரையை நிறுத்தியிருப்பாள். அவர்கள் கேட்டது வேறு: நாளைக்குக் காலையில் இந்தப் பிள்ளைக்கு யார் மாத்திரை கொடுப்பார்கள்? கேட்கும்போது ஈரமில்லாத கேள்வி மாதிரி இருந்தது. யோசிக்க யோசிக்க அதுதான் ஈரமுள்ள கேள்வியாகத் தெரிந்தது.

இல்லத்துக்கு அனுப்புகிற பேச்சு நின்றுபோனது. மருந்து உடம்புக்குப் பிடித்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை பிள்ளை என்னிடமே இருக்க வேண்டும், அம்மா வந்து வந்து தன் கையாலேயே மாத்திரை கொடுத்துப் பழக வேண்டும், அதன்பிறகு வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவானது.

வேலை முடிந்து பஸ் பிடித்து சிதம்பரம் வந்துவிடுவாள். ஆரம்பத்தில் மாத்திரை அட்டையைப் பாம்பைப் பிடிக்கிற மாதிரி ஓரமாகப் பிடிப்பாள். பிள்ளைதான், “சீக்கிரம் குடும்மா, பட்டன் பிரிக்கணும்” என்று அவசரப்படுத்துவாள். என் வீட்டுக்காரர் கடைசி பஸ்ஸுக்கு அவளை ஆட்டோவில் கொண்டுபோய் விடும்போது, “தங்கச்சி, நீ வந்து போற போக்குக்கு இங்கயே மாமியார் வூடு கட்டிக் குடுத்துடலாம்” என்பார். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பிள்ளை வீட்டுக்குப் போன அன்று நானே குடிகாட்டில் இறங்கி விட்டுவிட்டு வந்தேன். அதைப் பற்றி அதிகம் எழுதக் கை வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு மூட்டையை வைத்தார்கள். வைக்காதீர்கள், ஆள் வரும் என்று சொல்லப் பார்த்தேன்.

பிள்ளை வீடு போய்ச் சேர்ந்தாலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இருந்த வழக்கு அப்படியே இருந்தது. இப்போது அது சூடு வைத்த ஆள் பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பேர் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலத்தில் வர வேண்டும். சொன்னால் அவள் மேல் இருக்கிற குற்றச்சாட்டின் கனம் குறையும் என்று வக்கீல் சொன்னார். சொல்லாவிட்டால், அவள் போலீசில் முதலில் சொன்னதே உண்மையென்று நிலைத்துவிடும். அப்படி நிலைத்தால் பிள்ளை அவளிடம் இருப்பதே மறுபடி கேள்விக்கு வரும்.

மூன்றாவது அமாவாசை அதற்குள் வந்து போய்விட்டது. ஆனாலும் அவளுக்குப் பயம் போகவில்லை. கெடுவுக்கு முன்பே வெளியே சொல்லிவிட்ட வைத்தியத்துக்கு அமாவாசைக் கணக்கு செல்லுமா செல்லாதா என்று யாரிடம் கேட்பது? வாக்குமூலம் கொடுக்கிற அன்று பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். எனக்கும் போன் செய்து வரச் சொல்லியிருந்தாள். கோர்ட் வாசலில் பிள்ளையின் கையை என் கையில் கொடுத்தாள்.

“அக்கா, இவள எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிடு. நான் சொல்றது காதுல வுழாத தூரமா.”

“நீ உள்ள ரூம்ல சொல்லப்போற. இங்கேருந்தே கேக்காதும்மா.”

“இன்னம் தூரமா போயிடுக்கா.”

வழியில் நின்ற கோர்ட் ஊழியர், “ஏம்மா, அப்படியே பாண்டிச்சேரிக்கு அனுப்பிச்சிடேன்” என்றார். அவள் அவரை ஏறிட்டுப் பார்த்த பார்வையில் அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு நகர்ந்தார். மாத்திரை அட்டையையும் தண்ணீர் பாட்டிலையும் என் பையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆட்டோ பிடித்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். அதைவிடத் தூரம் எனக்குத் தெரியவில்லை. பிள்ளை செருப்பை என்னிடம் கொடுத்துவிட்டு அலையிடம் ஓடினாள். அலை வந்தால் பின்னால் ஓடுவாள், போனால் துரத்துவாள். நான் மணலில் உட்கார்ந்தேன்.

எனக்கு அந்த ஆளிடமும் நம்பிக்கை இல்லை, அமாவாசையிலும் நம்பிக்கை இல்லை. மாத்திரை ஒழுங்காகப் போகிறது, டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், இந்நேரம் அவளை உள்ளே கூப்பிட்டிருப்பார்களா, இந்நேரம் பேரைச் சொல்லியிருப்பாளா என்று நினைக்கும்போதெல்லாம் பிள்ளையின் கண்ணையே பார்த்தேன். அவள் ஒருதரம் ஈரமணலில் சறுக்கி உட்கார்ந்தாள். நான் எழுந்து ஓடியே போய்விட்டேன். “எதுக்கு அத்த ஓடியார?” என்றாள். சும்மாதான் என்றேன்.

போன் அடித்தது.

“சொல்லிட்டேன்க்கா.” மூச்சு வாங்கியது. “பேர சொல்லிட்டேன். ஊரையும் சொல்லிட்டேன். அவ என்னா பண்றா?”

“அலைய தொரத்திகிட்டு இருக்கா.”

“நல்லா பாருக்கா.”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நல்லாத்தான் இருக்கா.”

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பிள்ளை கத்திச் சிரிப்பது அவளுக்குக் கேட்கட்டும் என்று போனைக் கடல் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.